வினைச்சொல்லுக்கு இசை: ஜான் ஆடம்ஸும் ஆங்கிலக் கவிதையும்

ஆங்கிலக் கவிதைக்கு இசையமைத்தவர்கள் நெடுங்காலமாக அதன் படிமங்களையே முதலில் பற்றிக்கொண்டனர். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் செழித்த மாட்ரிகல் என்னும் பலகுரல் பாடல் வகையில், கவிதை மலையேறுவதைச் சொன்னால் குரல்களும் சுரவரிசையில் ஏறின. ஓட்டத்தைச் சொன்னால் சுரங்கள் விரைந்தன. பெருமூச்சைச் சொன்னால் பாட்டு இடையில் நின்று தொடர்ந்தது. சொல்லின் பொருளை ஒலியால் வரைந்து காட்டும் இவ்வுத்தியைச் 'சொல்லோவியம்' எனலாம். 17ஆம் நூற்றாண்டின் ஹென்றி பர்செலிலும், அவரைத் தம் முன்னோடியாகக் கொண்ட 20ஆம் நூற்றாண்டின் பெஞ்சமின் பிரிட்டனிலும் இவ்வுத்தி நுட்பம் கூடியதே தவிர மறையவில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ் இந்த மரபிலிருந்து விலகி நிற்பவர். அவருடைய இசை கவிதையின் படிமத்தை விட்டு அதன் வினைச்சொல்லைப் பற்றுகிறது; கவிதையில் என்ன தெரிகிறது என்பதைக் காட்டிலும் என்ன நடக்கிறது என்பதே அவருக்குப் பொருட்டாகிறது. 1981, 1989, 2005 ஆகிய ஆண்டுகளில் அரங்கேறிய மூன்று படைப்புகளைக் கொண்டு இக்கருத்தை நிறுவ இக்கட்டுரை முயல்கிறது.

1947இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் பிறந்து, 1970களின் தொடக்கம் முதல் கலிஃபோர்னியாவில் வாழ்ந்து வரும் ஆடம்ஸ், மினிமலிசம் எனப்படும் இசைப்போக்கின் வழியே அறிமுகமானவர். மிகச் சில சுரத்துணுக்குகளை மாறாத துடிப்பின்மீது திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, கேட்பவர் அறியாதபடி அவற்றை மெல்ல மாற்றிக்கொண்டே போவது அப்போக்கின் அடிப்படை. ஸ்டீவ் ரைஷ், ஃபிலிப் கிளாஸ் ஆகியோர் 1960களில் அதை உருவாக்கினர். அவர்களுக்குப் பத்தாண்டு இளையவரான ஆடம்ஸ், பெரிய இசைக்குழுவின் நிறங்களையும் 19ஆம் நூற்றாண்டின் சுரக்கூட்டு வளத்தையும் அதில் சேர்த்தார். இத்தகைய இசை கவிதைக்கு ஏற்றதன்று என்னும் எதிர்ப்பு எளிதில் எழக்கூடியது. தமிழ் யாப்பு நேரசை, நிரையசை என்று எழுத்தின் அளவை வைத்து இயங்க, ஆங்கில யாப்பு அசைகளின்மீது விழும் அழுத்தத்தை வைத்து இயங்குகிறது. அழுத்தமற்ற அசையும் அழுத்தமுள்ள அசையும் மாறி மாறி ஐந்து முறை வரும் பத்தசை அடியே அதன் தலையாய வடிவம். கடிகாரம்போல் தட்டிக்கொண்டிருக்கும் இசை, பேச்சோடு ஒட்டி வளைந்து நெளியும் இந்த அழுத்த நடையை நசுக்கிவிடும் என்பதே அவ்வெதிர்ப்பின் சாரம்.

நடைமுறையில் நேர்ந்தது இதற்கு மாறானது. காலத்தை அளக்கும் பொறுப்பை இசைக்குழு முழுமையாக ஏற்றுக்கொள்வதால், அடியின் அழுத்தங்களைக் குறித்துக் காட்டும் கடமையிலிருந்து குரல் விடுபடுகிறது. வாக்கியம் எங்கே தயங்குகிறதோ அங்கே தயங்கவும், எந்தச் சொல்லில் கனம் சேர்கிறதோ அங்கே நிற்கவும் அதனால் முடிகிறது. ஆடம்ஸ் இருமுறை நாடிச் சென்ற ஜான் டன் (1572–1631) இதற்கு வாய்த்த கவிஞர். அழுத்தத்தைக் காக்கத் தவறியதற்காக டன்னைத் தூக்கில் போடவேண்டும் என்று அவர் காலத்துக் கவிஞரான பென் ஜான்சன் கூறியதாக ஒரு குறிப்பு உண்டு. யாப்பறிஞருக்குக் குற்றமாகப் பட்ட அந்தக் கரடுமுரடு, யாப்பை இசைக்குழுவிடம் ஒப்படைத்துவிட்ட இசையமைப்பாளருக்கு எந்த இடைஞ்சலும் தரவில்லை.

முதல் படைப்பான 'ஹார்மோனியம்', சான் பிரான்சிஸ்கோ சிம்ஃபனி இசைக்குழுவுக்கென எழுதப்பட்டு, அதன் புதிய அரங்கமான டேவிஸ் சிம்ஃபனி அரங்கின் முதல் பருவத்தில், 1981 ஏப்ரலில் எடோ டி வார்ட் நடத்த அரங்கேறியது. பெருங்குழுவும் பெரும் பாடகர் தொகுதியும் சேர்ந்து ஏறத்தாழ அரைமணி நேரம் இசைக்கும் இப்படைப்பின் பெயர் நம் மேடைகளில் ஒலிக்கும் துருத்திப் பெட்டியைக் குறிப்பதன்று. 1923இல் வெளிவந்த வாலஸ் ஸ்டீவன்ஸின் முதல் கவிதைத் தொகுதியின் பெயர் அது. ஸ்டீவன்ஸின் கவிதைகளுக்கு இசையமைக்கவே ஆடம்ஸ் முதலில் எண்ணியிருந்தார். பின்னர் அம்மொழியின் தாளம் தமக்கு இசையவில்லை என்று கண்டு, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கவிதைகளைக் கைவிட்டார். இவ்விலகலை வெறும் மனமாற்றமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஸ்டீவன்ஸின் கவிதை பெரும்பாலும் காட்சியும் கருத்தும் ஒன்றோடொன்று விளையாடும் களம். அங்கே ஒருவர் ஒரு செயலைச் செய்து முடிப்பது அரிது. திரும்பத் திரும்பச் சொல்லும் இசைக்கு அது இடம் தருவதில்லை. படிமத்தைத் திரும்பச் சொன்னால் அது அணியாகிவிடும். வினையைத் திரும்பச் சொன்னாலோ செயல் தொடர்ந்து நடக்கிறது என்றே பொருள்படும். ஆடம்ஸின் கவிதைத் தேர்வுகள் அனைத்திலும் இந்த வேறுபாடு உள்நின்று இயங்குவதாகத் தெரிகிறது.

ஸ்டீவன்ஸின் இடத்தில் டன்னின் ஒரு கவிதையும் எமிலி டிக்கின்சனின் இரண்டு கவிதைகளும் வந்தன. காதலை இன்னதென்று சொல்லாமல், இன்னதன்று இன்னதன்று என்று மறுத்தே வரையறுக்க முயலும் டன்னின் கவிதையைப் பாடகர்கள் ஒற்றைச் சுரத்தின்மீது எதிர்மறைச் சொல்லின் முதல் அசையை மட்டும் நெடுநேரம் ஒலித்துத் தொடங்குகின்றனர். முழுச்சொல் பின்னரே உருப்பெறுகிறது. மறுத்தல் என்னும் செயல், மறுக்கப்படும் பொருளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. டிக்கின்சனின் முதல் கவிதை சாவு ஓட்டிவரும் வண்டியில் செல்லும் பயணத்தைப் பற்றியது. பள்ளி, வயல், மறையும் கதிரவன் ஆகியவற்றைக் கடந்து செல்லும்போது கடத்தலைக் குறிக்கும் வினையைக் கவிஞரே மூன்று முறை ஆள்கிறார். நாட்டார் கதைப்பாடல்களிலும் தேவாலயப் பாடல்களிலும் வழங்கும் எட்டசை, ஆறசை அடிகளில் அமைந்த இக்கவிதையை அந்த மெட்டு நடையிலேயே பாடிவிடுவது மிக எளிது. ஆடம்ஸோ அடியெல்லைகளைக் கலைத்து, வண்டியின் நகர்வை மட்டும் எஞ்சவிட்டு, காட்சிகள் மிக மெதுவாகக் கடந்துபோகும்படி செய்கிறார்.

மூன்றாம் பகுதி இக்கட்டுரையின் கருத்துக்குச் சிக்கல் தருவது. புயலிரவை வேட்கையோடு விளிக்கும் டிக்கின்சனின் இரண்டாம் கவிதை பெரும்பாலும் வியப்புக் கூற்றுகளால் ஆனது. முற்றுவினை அதில் மிகக் குறைவு. அங்கே ஆடம்ஸ் என்ன செய்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. இரண்டாம் பகுதியின் அமைதிக்கும் மூன்றாம் பகுதியின் வெடிப்புக்கும் நடுவில், பாடகர்கள் வாய் திறவாதிருக்க, இசைக்குழு மட்டும் படிப்படியாக வேகமும் வலுவும் கூட்டிக்கொண்டு செல்லும் நீண்ட பாலம் ஒன்றை அமைக்கிறார். கவிதை தராத வினையை இசைக்குழு நிகழ்த்துகிறது. அந்த நிகழ்வு உச்சத்தை எட்டும் இடத்தில் கவிதையின் கூவல் வந்து சேர்கிறது. ஆயினும் 'ஹார்மோனியம்' படைப்பில் சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஒலித்திரளில் மெய்யெழுத்துகள் கரைந்து உயிரொலிகளே மிஞ்சுகின்றன. அச்சிட்ட தாளைக் கையில் வைத்திராதவர் எந்தக் கவிதையைக் கேட்கிறோம் என்றே அறியமாட்டார். இசை மிகச் சிறப்பாக அமைந்தும் கவிதை அதற்கு ஒரு சாக்காகிவிட்டது என்று சொல்வோரிடம் நியாயம் உண்டு.

இக்குறையை ஆடம்ஸ் தனிக்குரலின் மூலம் கடந்தார். 1989 பிப்ரவரியில் செயின்ட் பால் சேம்பர் இசைக்குழு, அவரே நடத்த, பாரிடோன் பாடகர் சான்ஃபோர்ட் சில்வனுடன் அரங்கேற்றிய 'தி வூண்ட் டிரெஸ்ஸர்', வால்ட் விட்மன் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தை வைத்து எழுதிய நெடுங்கவிதையின் பகுதிக்கு அமைந்த இசை. பாரிடோன் என்பது ஆண்குரலில் மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் இடைப்பட்ட, இயல்பான பேச்சுக்கு நெருக்கமான குரல்வகை. 1862 டிசம்பரில் ஃபிரெடரிக்ஸ்பர்க் போரில் காயமுற்ற தம்பியைத் தேடிச் சென்ற விட்மன், பின்னர் வாஷிங்டன் நகரில் தங்கி, படைமருத்துவமனைகளில் காயமடைந்தவர்களின் படுக்கையருகே தொண்டராக இருந்தார். கவிதையின் தொடக்கத்தில் இளையோர் சூழ்ந்து கேட்க முதியவர் ஒருவர் போர் நினைவுகளைச் சொல்லத் தொடங்கும் சட்டகம் ஒன்று உண்டு. ஆடம்ஸ் அதை முழுவதும் வெட்டிவிட்டு, கட்டுத்துணியும் நீரும் ஏந்திக்கொண்டு ஒருவர் காயம்பட்டவர்களை நோக்கிச் செல்லும் இடத்திலிருந்து தொடங்குகிறார். நினைவுகூர்பவர் போய்விட்டார், வேலை செய்பவர் மட்டும் நிற்கிறார்.

அவ்விடத்தில் விட்மனின் வாக்கியம் முற்றுப்பெறாமல் வினையெச்ச வடிவங்களாலேயே நகர்வது, வாக்கியத்தின் கடைசிவரை வினையெச்சங்களை அடுக்கிச் செல்லும் மொழியைப் பேசுவோர் உடனே உணரக்கூடிய பண்பு. யாப்பில்லாத இந்நெடுவரிகளில் ஏந்துதல், செல்லுதல், குனிதல், கழுவுதல் ஆகிய சிறு செயல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆடம்ஸ் பெரும்பாலும் ஓரசைக்கு ஒரு சுரம் என்ற முறையில் அவற்றைப் பாட வைக்கிறார். எந்தச் சொல்லும் அலங்கரிக்கப்படவில்லை. சீழும் குருதியும் பேசப்படும் இடங்களில்கூட இசை அருவருப்பைச் சித்திரிப்பதில்லை. பழகிய கைகள் தம் வேலையைச் செய்யும் சீரான நடையையே காக்கிறது. மிக உயரத்தில் ஒலிக்கும் தனி வயலினும் பின்னர் வரும் டிரம்பட்டும் மட்டுமே அந்த அறைக்கு வெளியே ஒரு வானம் இருப்பதை நினைவூட்டுகின்றன. அல்சைமர் நோயால் அவதியுற்ற தம் தந்தையைத் தாய் நெடுங்காலம் பேணியதையும், சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயாளிகளை நண்பர்கள் பேணிவந்த அந்த ஆண்டுகளையும் ஆடம்ஸ் இப்படைப்போடு இணைத்துப் பேசியுள்ளார். அவருடைய ஆங்கிலக் கவிதைப் பாடல்களில் குறையற்றது எது என்று கேட்டால் இந்த இருபது நிமிடப் படைப்பையே சுட்டவேண்டும்.

ஆனால் மிகுதியாகப் பேசப்படுவதும், ஆராய்ச்சிக்கு மிகுதியாக இடம் தருவதும் 2005 அக்டோபர் 1 அன்று சான் பிரான்சிஸ்கோ ஓப்பராவில் அரங்கேறிய 'டாக்டர் அட்டாமிக்' இசைநாடகத்தில் முதல் அங்கத்தை முடிக்கும் தனிப்பாடலே. நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 1945 ஜூலை 16 விடியற்காலையில் நடந்த முதல் அணுகுண்டுச் சோதனைக்கு முந்தைய நாட்களே நாடகத்தின் களம். பீட்டர் செல்லர்ஸ் இதற்கான உரையைத் தாமாக எழுதாமல், வெளியிடப்பட்ட அரசு ஆவணங்கள், விஞ்ஞானிகளின் நினைவுக்குறிப்புகள், போதலேர், மியூரியல் ருக்கைசர் ஆகியோரின் கவிதைகள், பகவத் கீதையின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றிலிருந்து தொகுத்தார். குண்டை உருவாக்கிய விஞ்ஞானிகளின் தலைவரான ராபர்ட் ஓப்பன்ஹைமர் சோதனைக்கு வைத்த 'டிரினிட்டி' என்னும் பெயருக்குக் காரணம் கேட்டு, அத்திட்டத்தின் படைத்தலைவராக இருந்த ஜெனரல் கிரோவ்ஸ் எழுதியபோது, 1962இல் அனுப்பிய மறுமொழியில் ஓப்பன்ஹைமர் டன்னின் கவிதைகளை நினைவுகூர்ந்தார். அவற்றுள் ஒன்று, மூவொரு கடவுளை விளித்துத் தன் நெஞ்சைத் தாக்கி உடைக்குமாறு வேண்டும் சொனெட். 'புனித சொனெட்டுகள்' வரிசையில் 14ஆம் எண்ணால் அறியப்படுவது. சொனெட் என்பது பதினான்கு அடிகளில், ஒன்பதாம் அடியை ஒட்டிப் பொருள் திரும்பும் வடிவம். குண்டின் நிழலுரு பின்னே தொங்க, மேடையில் தனித்து விடப்பட்ட ஓப்பன்ஹைமர் பாடுவது இக்கவிதையே.

டன்னின் முதல் நான்கடியின் கட்டுமானத்தை இங்கே கூர்ந்து பார்க்க வேண்டும். கடவுள் இதுவரை செய்துவந்தவை மென்மையான வினைகள்: தட்டுதல், ஊதுதல், ஒளிர்தல், பழுதுபார்க்க முனைதல். இனிச் செய்யவேண்டியவை வன்மையானவை: உடைத்தல், வீசியடித்தல், எரித்தல், புதிதாக ஆக்குதல். ஒவ்வொரு மெல்வினைக்கும் நேரெதிரே அதன் வல்வினை நிற்கிறது. வன்மையானவற்றுள் முதல் மூன்றும் ஒரே மெய்யொலியில் தொடங்கி ஒன்றையொன்று இடிக்கின்றன. அச்சில் படிக்கும்போது இடைப்பட்ட வாக்கியம் நீண்டு செல்வதால் இந்த இணை கண்ணுக்குத் தப்பிவிடலாம். ஆடம்ஸ் இரண்டு காரியங்கள் செய்கிறார். மென்வினைகளின் தொடர் முடிந்ததும் சொனெட்டின் முதலடியை மீண்டும் பாடவைத்து, நான்கடியை இரு சம பாதிகளாகப் பிளக்கிறார். ஒவ்வொரு பாதியிலும் முதலிரு வினைகளை இணையாகப் பற்றி மும்முறை மடக்கிப் பாடவைக்கிறார். டன்னின் உரையில் மறைந்திருந்த எதிர்நிலை இப்போது செவிக்கு வெளிப்படையாகிறது. உரையை மாற்றிவிட்டார் என்று தூய்மைவாதிகள் குறைகூறலாம். ஆனால் இம்மாற்றம் பதினேழாம் நூற்றாண்டுச் சமயக் கவிதைக்குச் செய்யப்பட்ட ஓர் இலக்கண விளக்கவுரை. அச்சிட்ட உரைகளில் பலவற்றினும் இது கூர்மையானது.

இதே சொனெட்டுக்கு பிரிட்டன் அமைத்த இசையை அருகே வைத்தால் வேறுபாடு துலங்கும். 1945 ஜூலையில் வயலின் கலைஞர் யெகுதி மெனுஹினுடன் ஜெர்மனி சென்று, பெல்சன் வதைமுகாமில் உயிர்பிழைத்தோர் முன் பியானோ வாசித்துத் திரும்பிய பிரிட்டன், ஆகஸ்டில் டன்னின் ஒன்பது சொனெட்டுகளுக்கு டெனர் குரலும் பியானோவும் கொண்ட பாடல் வரிசையை இயற்றினார். நவம்பர் 22 அன்று லண்டன் விக்மோர் அரங்கில் பீட்டர் பியர்ஸ் அதைப் பாடினார். ஓப்பன்ஹைமரின் குண்டு ஹிரோஷிமாவில் விழுந்த அதே மாதத்தில், அவர் மனத்தில் இருந்த அதே கவிதை இன்னொரு கண்டத்தில் இன்னொரு பேரழிவின் நிழலில் இசையாகிக்கொண்டிருந்தது என்பது இசை வரலாற்றாசிரியர்கள் இன்னும் நின்று நோக்கவேண்டிய பொருத்தம். பிரிட்டனின் பாடல் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. பியானோ தடதடக்க, குரல் ஓட்டமாக ஓடுகிறது. தாக்குதல் என்னும் படிமத்தையே அந்த வேகம் வரைகிறது. பாடுபவர் தாக்கப்பட்டுக்கொண்டே பாடுகிறார். ஆடம்ஸின் பாடலோ ஏறத்தாழ ஏழு நிமிடம். தாக்குதல் முழுவதும் இசைக்குழுவின் பகுதியில் நிகழ்கிறது; பாட்டுக்கு முன்னும் இடையிலும் பின்னும் அது சீறி எழுந்து அடங்குகிறது. அடங்கிய இடத்தில் குரல் தொடங்கும்போது டி மைனர் சுரநிலையில் பரோக் காலத்துப் புலம்பலை ஒத்த நிதானமான மெட்டே கேட்கிறது. தாக்கப்படுபவரின் ஓலமாக அது இல்லை. தாக்குதலை வேண்டிக் காத்திருப்பவரின் முறையீடாக இருக்கிறது.

இவ்வேறுபாட்டின் காரணத்தை இருவரின் மனப்பாங்கில் தேடுவதைவிடப் பாடுபவர் யார் என்பதில் தேடுவது பயன்தரும். பிரிட்டனின் பாடலில் பேசுபவர் கவிதையின் 'நான்'. அவருக்கும் கவிதைக்கும் இடைவெளி இல்லை. ஆடம்ஸின் மேடையில் பாடுபவர் ஒரு வாசகர். எப்போதோ படித்த கவிதை இக்கட்டான இரவில் அவர் நாவில் வருகிறது. வாசகர் சில சொற்களில் சிக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப அவற்றையே சொல்வார். வினைகளின் மும்மடங்கு மடக்குக்கு நாடக நியாயம் அங்கே கிடைக்கிறது. முதன்முதலில் இவ்வேடமேற்ற ஜெரால்ட் ஃபின்லி, குண்டை நோக்கி நடந்து, விலகி, மீண்டும் அணுகி நடித்தது இந்தச் சிக்கலின் உடல்வடிவம். மேலும், வேண்டுதல் கடவுளை நோக்கியதாக இருந்தும் எதிரே நிற்பது குண்டு. உடைத்தல், வீசியடித்தல், எரித்தல் ஆகிய வினைகளுக்குக் கவிதையில் செயப்படுபொருள் பாடுபவரின் நெஞ்சம். வரலாற்றிலோ நான்கு வாரத்துக்குள் இரண்டு நகரங்களின் மக்கள். ஆடம்ஸ் வேறெந்தச் சொல்லையும் விட இந்த வினைகளையே அழுத்தியதால்தான், ஒரு சொல்லும் சேர்க்காமல், செயப்படுபொருள் இடம் பெயர்கிறது.

நாடகத்தின் பிற பகுதிகளில் கவிதை இவ்வளவு நன்றாகச் செயற்படவில்லை. ஓப்பன்ஹைமரின் மனைவி கிட்டிக்குத் தரப்பட்ட ருக்கைசரின் வரிகள் படிமம் செறிந்தவை. அவற்றின்மேல் இசை அழகாக மிதக்கிறது, ஆனால் சொல்லுக்கும் சுரத்துக்கும் உள்ள உறவு தளர்ந்து, அவள் என்ன நினைக்கிறாள் என்பது புலப்படாமலேயே போகிறது. கீதையின் பதினொன்றாம் இயலில் வரும் பேருருக் காட்சியை இரண்டாம் அங்கத்தில் பாடகர் தொகுதி முழங்கும்போது, முற்றிலும் காட்சியாலான அப்பகுதியை ஆடம்ஸ் தனிக்குரலிடம் தராமல் திரளிடம் தந்ததும், சொற்கள் மீண்டும் ஒலியில் மூழ்கியதும் 'ஹார்மோனியம்' காலத்து வழக்கத்துக்கே திரும்பியதைக் காட்டுகின்றன. பெர்க்லியில் ஆர்தர் ரைடரிடம் வடமொழி பயின்று கீதையை மூலத்திலேயே படித்த ஓப்பன்ஹைமரின் கதையில் அந்நூல் தனி மனிதனின் வாயில் வராமல் கூட்டத்தின் அச்சமாக மட்டும் வருவது ஓர் இழப்பு.

2007இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பிபிசி சிம்ஃபனி குழு முதலில் இசைத்த 'டாக்டர் அட்டாமிக் சிம்ஃபனி', நாடகத்தின் இசையைச் சொல்லின்றித் தொகுத்த படைப்பு. அதன் இறுதிப் பகுதியில் டன் பாடலின் மெட்டைத் தனி டிரம்பட் வாசிக்கிறது. பரவலாகப் பாராட்டப்பட்ட இவ்வடிவம் இக்கட்டுரையின் கருத்துக்கு நல்ல சோதனை. பாடலை முன்பே அறிந்தவருக்கு டிரம்பட்டின் மடக்குகளில் வினைகள் கேட்கும். அறியாதவருக்கு அவை உருக்கமான சுரமடக்குகள் மட்டுமே. இன்னொன்றும் சிம்ஃபனியில் விடுபட்டுள்ளது. நாடகம் பாட்டோடு முடிவதில்லை. ஜப்பானியப் பெண் ஒருத்தி தண்ணீர் கேட்கும் ஒலிப்பதிவோடு, யாப்பும் இசையுமற்ற வெறும் பேச்சோடு முடிகிறது. முதல் அங்கத்தின் வினைகள் யார்மீது நிகழப்போகின்றன என்னும் கேள்விக்கு அந்தக் குரலே விடை. அது இல்லாத சிம்ஃபனியில் குண்டைச் செய்தவரின் துயரம் எதிர்க்குரலின்றி மேடையைக் கைக்கொள்கிறது; அணுகுண்டுக்கு அழகிய இரங்கற்பா பாடிவிட்டார் என்று ஆடம்ஸ்மீது சுமத்தப்படக்கூடிய குற்றச்சாட்டு நாடகத்தைப் பொறுத்தவரை செல்லாது, சிம்ஃபனியைப் பொறுத்தவரை செல்லும்.